கேள்விக்குறியா வந்தது

ஜூன் 8, ஞாயிறு

ஜாஸ்மின் வந்துச்சு. என் பொண்ணு கவிப்பிரியா கூட பி.எச்டி. படிச்ச பொண்ணு. டீ வேணாம்னுச்சு. கேட்டது கவியோட லேப்டாப்.

கவி படிச்ச கட்டுரை ஒவ்வொண்ணும் யாரு எழுதுனது, எந்த வருஷம்னு அடுக்கி வெக்க அதுல ஒரு சாஃப்ட்வேர் கீது. காலேஜு வாங்கிக் குடுத்தது. இந்த மாசத்தோட முடியுதாம், அப்புறம் திறக்காதாம். சும்மா கிடைக்கிற இன்னொரு சாஃப்ட்வேருக்கு எல்லாத்தையும் மாத்தினாத்தான், ரெண்டு பேரும் பாதியில விட்ட கட்டுரையை முடிக்க முடியுமாம்.

மார்ச்சுல கவி டெங்குவுல போயிட்டா. அவ பொருள் எதையும் நான் நகத்தல. சீப்பு கூட வெச்ச எடத்துல கீது. யோசிச்சு சொல்றேன்னு அனுப்பிட்டேன்.

ஜூன் 10

மொத ஷிஃப்ட். கம்பெனி கக்கூஸ் கழுவுனேன். காலு வீங்கிச்சு. யோசிக்கல.

ஜூன் 15, ஞாயிறு

குடுத்தேன்.

ஜாஸ்மின் திறந்து காட்டுச்சு. ஒவ்வொரு கட்டுரைக்கும் பக்கத்துல கவி தமிழ்ல ஒரு குறிப்பு எழுதி வெச்சிருக்கா. "இந்தாளை ஒரு ஷிஃப்ட் கம்பெனி லைன்ல நிக்க வெக்கணும்." "நல்லாத்தான் எழுதியிருக்காரு. ஒரு பொம்பளை கிட்டயும் பேசல." யாரோ பெரிய புரொஃபசராம், வெள்ளைக்காரரு. அவருக்கு நேரா: "எங்கம்மா காலைப் பாத்திருந்தா இதை எழுதியிருக்க மாட்டாரு."

அவ வாய் அப்படியே. வூட்லயும் அதே வாய்தான்.

நின்னுகினே வேலை செய்ற பொம்பளைங்க காலைப் பத்தித்தான் ஆராய்ச்சியாம். நான் எப்ப கேட்டாலும் "உன் காலைப் பத்திதாம்மா"ன்னுவா. கிண்டல் பண்றான்னு நெனச்சேன்.

"இதெல்லாம் கூட வருமா?"

"எல்லாமே வந்துடும்மா."

ஜூன் 22, ஞாயிறு

எல்லாமே வரல.

பேரு வந்துச்சு. வருஷம் வந்துச்சு. குறிப்பு இருந்த எடத்துல எல்லாம் ????? ???? ?????. என் பொண்ணு ஜென்மத்துல இவ்ளோ கேள்வி கேட்டதில்ல. அவ பதில்தான் சொல்லுவா.

ஜாஸ்மினுக்கு முகம் சுண்டிப் போச்சு. "மாத்தும்போது தமிழ் எழுத்து ஒடைஞ்சிடுச்சும்மா. கட்டுரைக்கு லிஸ்ட் இருந்தாப் போதும், ஆனா..."

"லிஸ்ட்டை நீயே வெச்சுக்கோ. எனக்கு இன்னா கீது அதுல? எனக்கு அந்த வாய்தான் வேணும்."

கத்திட்டேன். அது இன்னா பண்ணும் பாவம். பழைய சாஃப்ட்வேர் திறக்கிறது இந்த மாசம் மட்டுந்தான்.

ஜூன் 24

"இன்னாக்கா டல்லா கீறே?"ன்னான் சூப்பர்வைசர். சாஃப்ட்வேர் பிரச்சனைன்னேன். துடப்பத்தைப் பாத்தான், என்னைப் பாத்தான். போயிட்டான்.

ஜூன் 29, ஞாயிறு

ஜாஸ்மின் யார் கிட்டயோ கேட்டுகினு வந்துச்சு. மாத்தும்போது யூனிகோடுன்னு ஒண்ணைப் போடணுமாம், அது போடலயாம். போட்டு மறுபடி மாத்துச்சு. தமிழ் வந்துடுச்சு. நம்பாம ஒவ்வொண்ணா படிக்கச் சொன்னேன். சாயங்காலம் ஆயிடுச்சு. அந்தப் பொண்ணுக்குத் தொண்டை கட்டிகிச்சு.

அப்புறம் கவி முன்ன தனியா எழுதுன சின்ன கட்டுரையைத் தேடுச்சு. கவி பேர்ல இல்ல. "ஜீவானந்தம், க."ன்னு கீது. பேருக்குப் பின்னாடி அப்பா பேரு வந்தா அதான் குடும்பப் பேருன்னு மிஷினு நெனச்சுக்குமாம்.

இத்தினி நாளா லேப்டாப் பக்கமே வராத என் வூட்டுக்காரரு எட்டிப் பாத்தாரு.

"நான் எப்போ எழுதுனேன்?"

"நீ பேங்க்கு சலானையே தப்பாத்தான் எழுதுவே"ன்னேன்.

சிரிச்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம் ஜாஸ்மின் கிட்ட, "என் பேரைப் பின்னால தள்ளும்மா. எழுதுனது எம் பொண்ணு." சொல்லிட்டு ஷேர் ஆட்டோவை எடுத்துகினு படப்பைக்குப் போயிட்டாரு. ஞாயித்துக்கெழமை அவரு சவாரி ஏத்துறதே இல்ல.

ஜூன் 30

பழசைத் திறந்து பாத்தேன். திறந்துச்சு. மூடிட்டேன்.

ஜூலை 1

திறக்கல.

ஜனவரி 18, ஞாயிறு

ரெண்டு பேரும் எழுதுன கட்டுரை பத்திரிகையில வந்துடுச்சு. கவி பேரு மொதல்ல. எல்லாம் இங்கிலீஷு. ஜாஸ்மின் உக்காந்து தமிழ்ல சொல்லுச்சு. பொங்கல் மீதி கரும்பைக் குடுத்தேன், கடிச்சுகினே சொல்லுச்சு.

அதையும் அந்த சாஃப்ட்வேர்ல ஏத்துச்சு. பக்கத்துல குறிப்பு எழுதுற எடம் காலியா இருந்துச்சு.

"நீங்க போடுங்கம்மா."

ஒத்த விரல்ல தேடித் தேடி அடிச்சேன்.

"பாதி புரியல. புரிஞ்ச பாதி நெஜம்."