அம்மா அறையில் இரண்டு ஊசிகள்

பிப்ரவரி 9
மயூகே ஆஸ்பத்திரி வரைக்கும் இரண்டு மணி நேரம் நடந்து போனால், கருத்தடை ஊசி மருந்து தீர்ந்துவிட்டதாம். போதாததற்கு, "அடுத்த தடவ புருஷனையும் கூட்டிட்டு வாங்க" என்கிறாள் நர்ஸ். நாலாவது பிரசவத்தில் ரத்தம் போய்க் கிடந்தபோது, இன்னொன்று என்றால் உயிர் தங்காது என்று சொன்னவளே அவள்தான். அதை இசாபிரியேவிடம் சொன்னேன். நர்ஸுகள் எல்லாரையும் அப்படித்தான் பயமுறுத்துவார்கள் என்று சிரித்தார். கட்டிய புருஷன்!

பிப்ரவரி 13
ஊர்ச் சுகாதாரப் பணியாளர் நமுவாயாவின் வீட்டில் ஐந்து பெண்கள் கூடினோம். ஆணுறையில் சர்க்கரையை நிரப்பி, அதைத் தொடையாக நினைத்துக் குத்திப் பழகினோம். என்னுடையது கிழிந்து தரையெல்லாம் சர்க்கரை. "உன் தொடை இப்படிக் கொட்டாது, குத்து" என்றாள். குத்தினேன். நானே! மூன்று மாதத்துக்குக் கவலையில்லை. வீட்டுக்கு இரண்டு ஊசி கொடுத்து அனுப்பினாள்.

பிப்ரவரி 14
எங்கே ஒளிப்பது? என் துணிப்பெட்டி வரை துழாவுகிற மனிதர். அவர் கால் படாத இடம் பக்கத்திலேயே இருக்கும் என் அம்மா வீட்டுப் படுக்கையறை ஒன்றுதான். எங்களில் மருமகன் மாமியாரின் முகத்தைப் பார்க்கக் கூடாது. அம்மா எதிரே வந்தால் இவர் வாழைத் தோப்புக்குள் இறங்கிவிடுவார். அங்கேயே வைத்துவிட்டேன்.

மார்ச் 30
"இன்னும் ஒண்ணும் இல்லையா?" — இந்த வாரம் மூன்றாவது தடவை கேட்கிறார்.

மே 14
அம்மா கண்டுபிடித்துவிட்டாள். ஊசிகளைக் கையில் இறுக்கிக்கொண்டு தரமாட்டேன் என்கிறாள். அந்த நேரம் பார்த்து இவர் வந்து அம்மா வீட்டு வேலிக்கு வெளியே நின்றார். இவர்கள் பேச நான் நடுவில் வேண்டும். ஒருவர் சொன்னதை நான் திருப்பிச் சொன்னால்தான் மற்றவர் பதில் சொல்லலாம்.

"புள்ள உண்டாகாம இருக்க ஊசி போட்டுக்கறேன்னு உன் வாயாலயே அவர்கிட்ட சொல்லு, ககோயா" என்றாள், ஊருக்கே கேட்கிற மாதிரி.

அவருக்கும் கேட்டிருக்கும். ஆனாலும் நான் சொல்லாதவரை அவர் காதில் விழவில்லை என்பதுதான் முறை. ஒன்பது வருஷமாக முகம் பார்க்காத இரண்டு பேர், என் வயிற்று விஷயத்தில் மட்டும் ஒரே கட்சி. யாருடைய வயிறு இது? வாயைத் திறக்காமல் நின்றேன். வேலிக்கு அப்பால் செருமல் கேட்டது. முறைப்படி அவர் ஒரு வார்த்தை பேச முடியாது.

பிறகு நானே சொன்னேன். "இன்னொரு பிரசவம்னா நான் செத்துப்போவேன். உங்ககிட்ட சொன்னேன், சிரிச்சீங்க. அதான் ஊசி போட்டுக்கறேன். இனிமே ஒளிச்சு வைக்கமாட்டேன்."

"செத்துப்போவியா? எங்கிட்ட ஏண்டி சொல்லல?" என்றாள் அம்மா. ஊசிகளை என் கையில் வைத்தாள். வேலிப்பக்கம் பார்த்தேன். அவர் போய்விட்டிருந்தார்.

மே 15
போட்டுக்கொண்டேன். அவர் படுக்கையை வெளி அறைக்கு எடுத்துப் போய்விட்டார்.

ஜூன் 20
இன்னும் பேச்சில்லை. வைக்கிற கிழங்கைச் சாப்பிடுகிறார், எழுந்து போகிறார். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வருகிறது. சாகாமல் இருக்கணும்னு நெனச்சது ஒரு குத்தமா?

ஆகஸ்ட் 14
காலையில் கடைசி ஊசியோடு உட்கார்ந்தேன். கதவைச் சாத்தவில்லை. அவர் வந்து வாசலில் நின்று பார்த்தார். மூத்தவள் எதற்கோ ஓடி வந்தாள், பின்னாலேயே மற்ற மூன்றும். நான் முடிக்கிறவரை ஒன்றையும் அவர் உள்ளே விடவில்லை.