பாதி டிஸ்க் வேறு கடையில்

2025 செப்டம்பர் 8

செம்பூர் லேபுக்குப் புது சர்வர் வந்துவிட்டது. எட்டு டிஸ்க்கும் தனியாக வாங்க வேண்டும். நோயாளிகளின் ரிப்போர்ட் எல்லாம் இனி இதில்தான். ஜோடி ஜோடியாகப் போடப் போகிறேன்: ஒன்றில் எழுதுவது அப்படியே இன்னொன்றிலும் எழுதப்படும், ஒன்று போனாலும் மற்றது நிற்கும். மூன்று ஜோடி டேட்டாவுக்கு, ஒரு ஜோடி, ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்துவைக்கும் லாகுக்கு மட்டும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் காலை நெரிசலில் முட்டிக்கொள்ளும்.

"பாதி இடம் வீணாப் போகுதே பரீஹா" என்றார் மேனேஜர் கோகிலவாணி மேடம். வீணில்லை என்று புரியவைப்பதற்குள் டீ ஆறிப்போனது. ஒத்துக்கொண்டார்.

செப்டம்பர் 10

டிஸ்க் வழக்கம்போல வாசிம் மச்சான் கடையில்தான். மாமா மகன். எங்கள் இருவருக்கும் கல்யாணப் பேச்சு நடக்கிறது. எட்டும் ஒரே பெட்டியிலிருந்து தருகிறாராம். அங்கேதான் இடிக்கிறது. ஒரே பெட்டியில் வந்தவை ஒன்றாகச் செய்தவை. ஒன்றில் குறை இருந்தால் எல்லாவற்றிலும் இருக்கலாம். ஜோடியில் இரண்டும் சேர்ந்தே போனால்? பிறகு ஜோடி எதற்கு?

வேறு பெட்டி வரத் தாமதமாகுமாம். லேப் காத்திருக்காது. நாலைப் பக்கத்துக் கடையில் வேறு கம்பெனி மாலாக வாங்குகிறேன் என்றேன். மச்சான் "சரி" என்றார். அந்தச் "சரி" சரியாக இல்லை.

செப்டம்பர் 11

வினையாகிவிட்டது. மச்சானின் உம்மா, சுலைகா மாமி, போனில் என் உம்மாவிடம்: "எம் மவன் கடை மால நம்பாத பிள்ள, எம் மவன எப்படி நம்பி வருவா? அதுவும் பக்கத்துக் கடைக்காரன்ட்டயா போவா?"

உம்மா என்னிடம்: "எட்டையும் அங்கயே வாங்கித் தொலச்சா என்னட்டி?"

செப்டம்பர் 14

ஞாயிறு. நாள் குறிக்க மாமி வீட்டார் வருவதாக இருந்தார்கள். வரவில்லை. உம்மா சமைத்த கறி அப்படியே இருக்கிறது.

நானா பிடிவாதக்காரி? எனக்கு மச்சானைப் பிடிக்கும், ரொம்பவே பிடிக்கும். இங்கேயாவது எழுதிவிடுகிறேன். அதுக்காக ஊரார் ரத்த ரிப்போர்ட்டுல போயி பாசத்தக் காட்ட முடியுமா? முடியாதுல்லா.

செப்டம்பர் 17

டிஸ்க்கைச் சர்வரில் மாட்ட மச்சானே வந்தார். ஒவ்வொரு ஜோடியிலும் அவர் கடையது ஒன்று, பக்கத்துக் கடையது ஒன்று. வேலையைத் தவிர வேறு பேச்சில்லை. போகும்போது திரும்பிப் பார்ப்பார் என்று நின்றேன்.

செப்டம்பர் 26

சர்வர் நன்றாக ஓடுகிறது. மாமியிடமிருந்து போன் இல்லை.

அக்டோபர் 15

காலையில் ஒரு டிஸ்க் போய்விட்டது. பக்கத்துக் கடையது. ஜோடியிலிருந்த மச்சான் கடை டிஸ்க் நின்றது. ஒரு ரிப்போர்ட்கூடத் தாமதமாகவில்லை. மச்சானுக்குச் சொன்னேன்.

சாயங்காலம் தாராவியில் எங்கள் வீட்டுக்கு மாமியே இனிப்போடு வந்துவிட்டார், மச்சானையும் கூட்டிக்கொண்டு. "பாத்தியாட்டி? அடுத்தவன் மால் படுத்துட்டு. நம்ம மால்தான் நின்னுச்சு."

எட்டும் ஒரே பெட்டியாக இருந்து, அந்தப் பெட்டியில் குறையும் இருந்திருந்தால் என்று நாக்கு நுனிவரை வந்தது. உம்மா என்னைப் பார்த்த பார்வையில் விழுங்கிவிட்டேன். டீ போடப் போனேன்.

மச்சான் அடுப்புப் பக்கம் வந்து நின்றார். குரலைத் தாழ்த்தி, "மாத்துறதுக்கு எங்க கடையில இருக்கது அதே பெட்டி மால்தான். நாளைக்குப் பக்கத்துக் கடையிலயே வாங்கியாரட்டா?" என்றார்.

"மாமி?"

"உம்மாட்ட சொல்லாத."

அந்தப் பக்கம் மாமி, உம்மாவோடு நிக்காஹ் தேதி பேசிக்கொண்டிருந்தார்.