ஏலக்காரனின் அளவுகோல்

மார்ச் 3, செவ்வாய்

எட்டரைக்குக் கழுத்துத் துணியை மாற்றிக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்தேன். வாத்தியாரம்மா வேலைக்குப் போய்விட்டாள். துணிக்கடையில் பில் போடுகிற என் பெண்டாட்டிக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது என்று மகள் பாப்பா சின்ன வயதில் கேட்பாள். நான் எதைச் சொன்னாலும் திருத்துகிறாளே, வேறென்ன பெயர் வைப்பது?

ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரம். குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். மூச்சு இப்போது கழுத்து ஓட்டை வழியாகப் போய் வருகிறது. கிசுகிசுக்கக்கூட வழியில்லை. இருபத்தாறு வருஷம் காய்கறி மார்க்கெட்டில் ஏலம் விட்ட தொண்டைக்கு இந்தக் கதி.

என் குரலில் மிச்சம் ஐம்பது நிமிடம், இந்தக் கணினிக்குள். ஆபரேஷனுக்கு நான்கு நாள் முன்னால் பாப்பா லீவு போட்டு வந்து, மைக் வைத்துப் பதிவு செய்து கொடுத்துவிட்டுப் போனாள். ஒன்றிலிருந்து நூறு வரை எண்கள், காய்களின் பெயர்கள், “யாராவது ஏத்துறீங்களா”, ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்.

நேற்று முதலாளி பார்க்க வந்தார். “கேட்ல உக்காந்து வண்டி நம்பர் குறிங்கண்ணே. லேசான வேலை” என்றார். பலகையில் எழுதிக் காட்டினேன்: ஏலத்துக்குத் திரும்புவேன். எப்படி என்று கேட்டார். கணினியைக் காட்டினேன். நல்ல மனுஷன், சிரிக்கவில்லை. “ஏப்ரல் ஆறு, திங்கக்கிழமை. ஒரு நாள் உங்கள விட்டுப் பாக்கலாம். சரிவரலேன்னா விசிலையே வச்சுக்குறேன், கோச்சுக்காதீங்க.”

விசில் இப்போது என் இடத்தில் நிற்கிறவன். பேசும்போது பல்லிடுக்கில் காற்று கத்தும். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது.

மார்ச் 4, புதன்

டாக்டர் கொடுத்த குரல் கருவியைக் கழுத்தில் அழுத்திப் பார்த்தேன். தகர டப்பா பேசுகிற மாதிரி வருகிறது. வீட்டில் சாப்பாடு கேட்க ஆகும். நூறு பேர் முண்டியடிக்கிற இடத்தில் இதை எவன் மதிப்பான்?

மார்ச் 5, வியாழன்

இன்று ஒரு வழி பிறந்தது.

இத்தனை நாளாக அலை அலையாகத் தெரிகிற படத்தின் மேல் தட்டுவேன், பிறகு மேலே போய் முக்கோணப் பொத்தானைத் தட்டுவேன். இரண்டு வேலை. அதற்குள் ஏலத்தில் இரண்டு பேர் விலையை ஏற்றியிருப்பார்கள். பாப்பாவுக்குக் குறைபட்டு எழுதினேன். மத்தியானம் குரல் செய்தி வந்தது: “அப்பா, அலை மேல தட்டாதீங்க. அதுக்கு மேல நொடி நொடியா எண் போட்ட பட்டை இருக்கு பாருங்க, டைம்லைன் ரூலர். அதுல தட்டுங்க. தட்டின இடத்துலேருந்தே பேசும்.”

பார்த்தால் அளவுகோல் மாதிரியேதான் இருக்கிறது. கோடு, எண், கோடு, எண். இத்தனை நாள் அதை அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

ஒரே தட்டு. “நாப்பது!” என்றது. என் குரல். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

கையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். இப்போது சத்தமில்லாத அழுகை, யாருக்கும் தொந்தரவில்லை. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு நாற்பத்தொன்றைத் தட்டினேன்.

மார்ச் 7, சனி

திட்டம் இதுதான். ஐம்பது நிமிடத்தை வெட்டி, வேண்டிய சொற்களை மட்டும் வரிசையாக அடுக்குவது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் இரண்டு நொடி மௌனம். இல்லையென்றால் ‘இருபது’ தட்டினால் நிறுத்துவதற்குள் ‘இருபத்தொண்ணு’ம் சேர்ந்து வந்து, நானே விலையை ஏற்றிவிட்டவன் ஆவேன். எந்தச் சொல் எத்தனையாவது நொடியில் என்று மனப்பாடம் செய்ய வேண்டும். வாய்ப்பாடு படித்து நாற்பது வருஷம் ஆயிற்று.

மார்ச் 8, ஞாயிறு

அறுபது வரை அடுக்கியாயிற்று. கண் எரிகிறது.

மார்ச் 10, செவ்வாய்

அளவுகோலில் தட்டுவதற்குப் பதில் விரல் வழுக்கிக் கொஞ்ச தூரம் இழுத்துவிட்டேன். அவ்வளவுதான், இழுத்த பகுதி முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. “ரெண்டு தரம்! ரெண்டு தரம்! ரெண்டு தரம்!” நிறுத்தத் தெரியாமல் திணறுகிறேன். சமையலறையிலிருந்து வாத்தியாரம்மா, “இன்னும் எத்தன தரம்ங்க? யாருமே வாங்கலியா?”

ஆபரேஷனுக்குப் பிறகு இந்த வீட்டில் முதல் சிரிப்பு இன்றுதான்.

ஆனால் இதுவும் உதவும். “யாராவது ஏத்துறீங்களா” மேல் இழுத்துவிட்டால் அதுபாட்டுக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். நான் முகங்களைப் பார்க்கலாம்.

மார்ச் 12, வியாழன்

‘மூணு தரம்’ இரண்டு முறை பதிவாகியிருக்கிறது. முதல் முறை நான் ‘தரம்’ சொல்லும்போதே வாத்தியாரம்மா குறுக்கே புகுந்து, “போதும்! தண்ணி குடிங்க!” என்கிறாள். அன்றைக்கு அதற்காக அவள் மேல் எரிந்து விழுந்தேன். பிறகு சொன்னது சுத்தமாக இருக்கிறது. இழுத்து, ஏற்றி, சுத்தியல் இறங்குகிற மாதிரி. அதுதான் நான்.

கெட்டதை நீக்கிச் சேமித்தேன். பாப்பா நகல் எடுத்து வைக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அதையும் பென் டிரைவில் பழையதன் மேலேயே போட்டு முடித்தேன். கணினியை அணைத்துவிட்டுக் குளித்தேன்.

மார்ச் 16, திங்கள்

போச்சு.

எல்லாவற்றையும் கோர்த்து முதல் முறையாக ஓட்டிப் பார்க்கிறேன். ஒரு தரம். ரெண்டு தரம். மூணு த— “போதும்! தண்ணி குடிங்க!” எங்கே நல்லது? தேடினேன், தேடினேன், இல்லை.

என்ன நடந்தது என்று பாப்பாவிடம் எழுதிக் கேட்ட பிறகுதான் விளங்கியது. அன்றைக்கு நல்லதைத்தான் அலை மேல் இழுத்து, நிறம் மாறும்படி தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன், அடுக்குவதற்காக. நடுவில், கெட்டது எது என்று உறுதிப்படுத்த அளவுகோலில் வேறு இடத்தில் தட்டினேன். அது பேசியது. கெட்டது இதுதான் என்று நீக்கும் பொத்தானை அழுத்தினேன். ஆனால் அளவுகோல் கேட்பதற்கு மட்டும்தான். அதில் எங்கே தட்டினாலும் கீழே தேர்ந்தெடுத்தது நகராமல் அங்கேயே இருக்கும். காது ஒரு இடத்தில், கத்தி வேறு இடத்தில்.

நகலும் வெட்டின நகல். கணினியை அணைத்துவிட்டதால் நீக்கியதைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை.

என்னடா பண்ணி வச்சிருக்க? இருபத்தாறு வருஷம் வாய் ஓயாம சொன்னவன், கடைசியா மிஞ்சின அந்த ஒண்ணயா தொலைப்ப? மறுபடி சொல்லிடுவியா? எங்க, சொல்லு பாக்கலாம். சொல்லேன்.

மார்ச் 17, செவ்வாய்

வாத்தியாரம்மாவிடம் மறைக்க முடியவில்லை. “என் வாயாலதான் கெட்டுச்சா?” என்று கேட்டாள். ‘இல்லை, என் கையால்’ என்று பலகையில் எழுதினேன்.

பிறகு துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: “அன்னிக்கு நீங்க கத்தறப்ப கழுத்து நரம்பெல்லாம் புடைச்சுக்கிட்டு நின்னுச்சு. நாலு நாள்ல அத அறுக்கப் போறாங்கன்னு மனசுல ஓடிக்கிட்டே இருந்துச்சு. என்னால பாக்க முடியல. அதான் போதும்னேன்.”

எனக்கு அன்று அது தெரியாது. மைக்கைக் கெடுத்துவிட்டாள் என்பது மட்டும்தான் தெரியும்.

மார்ச் 19, வியாழன்

விடப்போவதில்லை.

அந்த ஒரு நொடியை அளவுகோலில் இழுத்து வைத்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டேன். நூறு முறை இருக்கும். என் ‘தரம்’ முடியும் இடத்துக்கும் அவள் ‘போதும்’ தொடங்கும் இடத்துக்கும் நடுவில் ஒரு மயிரிழை கிடைக்காதா என்று. கிடைக்கவில்லை. இரண்டு குரலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கின்றன.

மார்ச் 23, திங்கள்

எண்களிலிருந்து ‘மூணு’ எடுத்தேன். ‘ரெண்டு தர’த்திலிருந்து ‘தரம்’ எடுத்தேன். ஒட்டினேன். கேட்டால் ஒட்டுப் போட்டது பல்லிளிக்கிறது. எண்ணுகிற மூணு தட்டையாக இருக்கும். ஏலத்தை முடிக்கிற மூணுக்கு ஒரு ஏற்றம் வேண்டும். “தூக்கத்துல யாரோ பேசற மாதிரி இருக்கு” என்றாள் வாத்தியாரம்மா. சரியாகத்தான் சொன்னாள்.

இருந்தாலும் வேறு வழியில்லை. இதைத்தான் கொண்டுபோக வேண்டும். கெட்டதை நீக்கவா என்று கை போயிற்று. நீக்கவில்லை. இனிமேல் எதையும் நீக்குவதாக இல்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கட்டும்.

ஏப்ரல் 1, புதன்

வாத்தியாரம்மா கட்டிலில் உட்கார்ந்து கையைத் தூக்கி விலை கேட்கிறாள், நான் அளவுகோலில் தட்டுகிறேன். பதினாறு தலையணை விற்றேன். மூன்று இடத்தில்தான் தவறு. ஓடிக்கொண்டிருக்கும்போதே வேறு எண்ணில் தட்டினால் அங்கே தாவிவிடுகிறது. இது ரொம்ப வசதி. போன வாரம் அரை நிமிடம் ஆனது இப்போது இரண்டு நொடி.

ஏப்ரல் 5, ஞாயிறு

நாளைக்கு. சட்டைக்குக் கஞ்சி போட்டு வைத்திருக்கிறாள். விரல் தவறக் கூடாது.

ஏப்ரல் 6, திங்கள்

முழுவதையும் எழுதிவிட வேண்டும்.

மேஜை மேல் கணினி, பக்கத்தில் பெட்டி ஸ்பீக்கர். விசில் இரண்டடி தள்ளி, கூப்பிட்டால் வருகிற தூரத்தில் நின்றான். கூட்டம் என் கழுத்துத் துணியைப் பார்த்தது, பிறகு வேறு எங்கோ பார்த்தது. அது பிடிக்கவில்லை. தட்டினேன்: “தக்காளி! முதல் தரம்! வாங்க வாங்க!” பின்வரிசையில் யாரோ, “அண்ணன் குரல்டா!” என்றார்கள்.

முப்பது, முப்பத்திரண்டு, முப்பத்தஞ்சு. விரல் தானாகவே ஓடியது. ஒரு தரம். ரெண்டு தரம். பிறகு அந்த ஒட்டுப் போட்டது. “மூணு. தரம்.”

யாரும் நகரவில்லை. “முடிஞ்சுதா, இல்லியா?” என்றார் காய் எடுக்க வந்த ஹோட்டல்காரர். அதற்குள் இன்னொருவர் முப்பத்தாறு என்று கத்த, முப்பத்தஞ்சுக்குக் கேட்டவர் அதெல்லாம் முடிந்துவிட்டது என்று சண்டைக்கு வர, முதலாளி இருவரையும் பிடித்து விலக்க வேண்டியதாயிற்று. முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. பரிதாபம் இருந்தது. அதுதான் என்னைக் கொன்றது. விசில் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

இரண்டாவது லாட், முட்டைக்கோஸ். விடமாட்டேன் என்று உட்கார்ந்தேன். ஒரு தரம். ரெண்டு தரம். அளவுகோலில் ஒரு விரல் அகலம் இடப்பக்கம் பட்டுவிட்டது.

“மூணு தர— போதும்! தண்ணி குடிங்க!”

வெட்கத்தில் மேஜைக்கு அடியில் போய்விடலாம் போல இருந்தது. கூட்டம் அப்படிச் சிரித்தது. ஹோட்டல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அக்காவே சொல்லிட்டாங்க, அப்புறம் என்ன, தூக்குங்கப்பா மூட்டைய” என்றார். மூட்டை நகர்ந்தது. ஒருவரும் மறுபேச்சுப் பேசவில்லை.

மூன்றாவது லாட்டில் நானாகவே அங்கே தட்டினேன்.

பதினொரு லாட். ஒன்பதாவதில் யாரோ நிஜமாகவே ஒரு பாட்டில் தண்ணீரைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்கள். கடைசியில் முதலாளி வந்து என் தோளைத் தட்டி, “நாளைக்கு ஆறரைக்கு வந்துடுங்கண்ணே” என்றார்.

வீட்டில் விஷயத்தைப் பலகையில் எழுதிக் காட்டினேன். “ஊர் முன்னாடி என் மானத்த வாங்கிட்டீங்களே!” என்று பலகையைப் பிடுங்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து: “எல்லாருக்கும் நல்லா கேட்டுச்சா?”

ஏப்ரல் 20, திங்கள்

விசிலுக்கு வெங்காயத்தைக் கொடுத்திருக்கிறார் முதலாளி. எனக்கு மற்ற எல்லாம். தட்டும்போது இப்போது எண்களைப் பார்ப்பதே இல்லை.

மே 11, திங்கள்

பாப்பாவிடமிருந்து வீடியோ. பழுதான பழைய போனை ரிப்பேர் செய்ததில், எப்போதோ மார்க்கெட்டில் எடுத்தது கிடைத்ததாம். பன்னிரண்டு நொடி. நான் கையை ஓங்கி, “மூணு தரம்!” என்கிறேன். குறுக்கே வேறு குரலே இல்லை. “அப்பா, கிடைச்சிருச்சு! இனிமே நீங்க நெனச்ச மாதிரியே இருக்கும்!” என்று குரல் செய்தியில் அழுகிறாள்.

வெட்டி எடுத்து அளவுகோலில் அதற்கொரு இடம் கொடுத்தேன், இந்த முறை நகல் எடுத்துவிட்டு. பத்து முறை கேட்டேன். எவ்வளவு நல்ல குரல்.

மே 12, செவ்வாய்

முதல் லாட் முட்டைக்கோஸ். ஒரு தரம். ரெண்டு தரம். புதியதைத் தட்டினேன். “மூணு தரம்!” கணீரென்று விழுந்தது, பழைய நான் நிற்கிற மாதிரியே.

கூட்டம் காத்திருந்தது. மூட்டையில் கை வைத்த ஆள் தூக்காமல் என்னைப் பார்த்தான். பின்னாலிருந்து ஒருவர் நாற்பத்தொன்று என்று கையைத் தூக்கினார். முடிந்துவிட்டதே என்று ஸ்பீக்கரைக் காட்டினேன். “எங்கண்ணே முடிஞ்சுது?” என்றார். “அக்கா இன்னும் சொல்லலியே.”

இடப்பக்கம் போய் அவள் இருக்கும் நொடியைத் தட்டினேன். மூட்டை நகர்ந்தது. நான் தண்ணீர் குடித்தேன்.