ஒசாகா வில்லியின் அம்மா

கண்ணு,

முறுக்கு டின்னோடு இதையும் வைக்கிறேன். போனில் சொல்ல வரவில்லை.

ஒசாகாவில் நீ ஆடிய சனிக்கிழமை மல்யுத்தத்தை ஹாலில் உட்கார்ந்து டிவியில் பார்த்தேன். நீ மேடை ஏறியதுமே அத்தனை ஜப்பான்காரர்களும் உன்னைப் பார்த்து 'ஊ...' என்று கூச்சலிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பிள்ளை அப்படி என்ன செய்துவிட்டாள்? சரி, எதிரே ஆடிய பெண்ணின் முடியைப் பிடித்து இழுத்தாய். அதற்காகவா?

உன் தோழி ருக்சார் பக்கத்தில் இருந்தாள். "ஆன்டி, அந்த ஷோவுல இவளுக்கு வில்லி வேஷம் லா. எவ்ளோ கத்துறாங்களோ, அவ்ளோ பிடிச்சிருக்குன்னு அர்த்தம். சத்தம் இல்லன்னாதான் பயப்படணும்" என்றாள்.

உடனே எழுந்து நின்று நானும் 'ஊ...' என்று கத்தினேன். பக்கத்து வீட்டு அய்யாவு அண்ணன் பயந்துபோய் நம் வாசல் கேட்டுக்கே ஓடி வந்துவிட்டார்.

நீ வீட்டுக்கு வந்து இரண்டு தீபாவளி போய்விட்டது. உன் அறை ஃபேனைத் துடைத்து வைத்திருக்கிறேன். இங்கே கிள்ளானில் வெயில் அப்படி. உனக்கு வேலை இருக்கும், வா என்று சொல்ல மாட்டேன்.

என்றாவது வந்தால், ஏர்போர்ட்டில் மற்றவர்கள் பூங்கொத்தோடு நிற்பார்கள். ஒருத்தி மட்டும் உன்னைப் பார்த்து 'ஊ...' என்று கத்துவாள். வெட்கப்படாமல் அவளிடம் வா.

உன் அம்மா