மூலையில் ஹாம்பர்க் நேரம்

நவம்பர் 10, திங்கள்

மழை. ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறும்போதே நனைந்தாயிற்று. காலேஜில் நெட் இல்லை. பாலக்கரைப் பக்கம் எங்கோ கேபிளை வெட்டிவிட்டார்களாம். என் திரை மூலையில் வளவன் வைத்த கடிகாரத்தைக் காணோம்.

அவர் ஊர் நேரம் காட்டும் சின்ன விண்டோ. புரோகிராம் ஓடுவது ஹாம்பர்க்கில், அவர் கணினியில். கடிகாரத்தின் முகம் தெரிவது இங்கே லேபில், என் திரையில். இரண்டு வருடம் முன்பு அங்கே போய்ச் சேர்ந்த வாரமே வைத்தார். "இது ஓடற வரைக்கும் நான் உன்னை நெனச்சிட்டிருக்கேன்னு வெச்சுக்க" என்றார் போனில். அதற்காக, வெளியிலிருந்து அவர் ஒருவர் மட்டும் வரும்படி வழி திறந்துவிட்டேன். லேப் பொறுப்பில் இருப்பவள் செய்யக் கூடாத காரியம். தெரிந்தேதான் செய்தேன்.

நவம்பர் 11

கடிகாரம் வந்துவிட்டது! இணைப்பு அறுந்தால் அந்தப் புரோகிராம் அங்கேயே செத்துவிடும். யாராவது மறுபடி ஓட்டினால்தான் உண்டு. எட்டு மாதமாகப் போன் இல்லை. ஆனால் இதை ஓட்டுகிறாரே.

நவம்பர் 14, வெள்ளி

எங்கள் துறைத்தலைவர் அற்புதசாமி சார் கூப்பிட்டார். "யாழினி, இந்தப் பழைய விண்டோ சிஸ்டத்தையே வெச்சுக்கலாமா, புதுசுக்கு மாறிடலாமா? நல்லது கெட்டது ரெண்டையும் எழுதிக் குடுங்க."

நல்லது சுலபமாக வந்தது. கனமான வேலையெல்லாம் சர்வர் அறையில் நடக்கும். மாணவர் எந்த ஓட்டைக் கணினியில் உட்கார்ந்தாலும் விண்டோ அவர் முன் திறக்கும். படமாக அனுப்பாமல், இங்கே கோடு போடு, அங்கே எழுத்தை வை என்று சொல்லி அனுப்பும். வளவனின் கடிகாரம் வருவதும் இதன் வழியாகத்தான். ஒரே கட்டடத்துக்குள் அருமை.

கெட்டதைத் திங்கட்கிழமை எழுதலாம்.

நவம்பர் 17

எழுதினேன். தூரம் கூடினால் ஒவ்வொரு கிளிக்குக்கும் கேள்வியும் பதிலுமாகப் பல தடவை போய்வர வேண்டும். ஒரு மெனு திறப்பதற்குள் காபி ஆறிவிடும். இணைப்பு அறுந்தால் செய்த வேலையும் போச்சு. அப்புறம், நாம் உள்ளே விட்ட ஆள் நினைத்தால் நம் திரையையே பார்க்கலாம், நாம் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் படிக்கலாம்.

கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அவருக்கு எழுதி, அனுப்பாமல் அழித்த கடிதம் எத்தனை! படித்திருப்பாரா? பயம் வர வேண்டியதுதானே? எனக்கு ஏன் ஆசையாக இருக்கிறது?

நவம்பர் 18

அம்மா: "அந்தப் பையன் போன் பண்ணானா?" வேலை ஜாஸ்தி என்றேன்.

நவம்பர் 20

வெளியிலிருந்து வரும் இணைப்புகளையும் அறிக்கையில் காட்ட வேண்டுமாம். அதையே சாக்காக வைத்து அவருக்கு மெயில் போட்டேன். ஒரு மணி நேரத்தில் பதில்.

"அட, அது இன்னும் ஓடுதா! அறுந்தா தானா திரும்ப ஓடற மாதிரி வந்த புதுசுலயே எழுதி வெச்சேன். மறந்தே போயிட்டேன். எடுத்துடுங்க, செக்யூரிட்டிக்கும் நல்லதில்ல."

எடுத்துடுங்க. நான் 'நீங்க' ஆயிட்டேன்.

எத்தனை கரண்ட் கட், எத்தனை மழை — ஒவ்வொரு தடவையும் அவர் கைன்னு நெனச்சேனே. இப்படி எழுதி வைக்கலாம்னு முதல் வருஷப் பசங்களுக்கே தெரியும். எனக்குத் தெரியாதா? தெரிய வேண்டாம்னு இருந்தேன். அவ்வளவுதான்.

நவம்பர் 24, திங்கள்

புதியதற்கு மாறலாம் என்று எழுதி அறிக்கையைக் கொடுத்தேன். வழியையும் அடைத்தேன். கண் இன்னும் அந்த மூலைக்கே போகிறது.

நவம்பர் 27

அடைத்த பிறகும் அவர் கணினி தட்டிக்கொண்டேதான் இருந்தது. லாக் ஃபைலில் நிமிடத்துக்கு ஒரு வரி: அனுமதி இல்லை. அனுமதி இல்லை. அதைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதே மூன்று நாளாக என் பிழைப்பு. திறந்துவிடலாமா என்று இரண்டு தடவை கை போயிற்று.

இன்று மதியம் மூன்று பத்தோடு வரிகள் நின்றுவிட்டன. அங்கே காலை பத்து நாற்பது. ஐந்து மணி வரை உட்கார்ந்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. ஞாபகம் வந்து நிறுத்தியிருக்கிறார்.

இந்தத் தடவை அவர் கையேதான்.