ஓட்டை டப்பாவின் கையெழுத்து

திங்கள், காலை 6.10
வழக்கமான பதிவு

இதைப் படிப்பவருக்கு: நான் வீட்டில் வைத்து விமானம் ஓட்டிப் பழகும் கருவி. நான்காம் பதிப்பு. இடம் நாகர்கோவிலில் ஒரு மாடி அறை. மூன்று திரை, ஒரு இருக்கை, ஒரு கைப்பிடி. உரிமையாளர் சற்குணம், ஓய்வு பெற்ற பொறியாளர்.

இன்று திருவனந்தபுரத்தில் தரையிறக்கம். பக்கக் காற்று பலம். அவர் வழக்கம்போல் கைப்பிடியைத் தவறான பக்கம் திருப்பினார். நான் வழக்கம்போல் சரியான பக்கம் திருப்பிக்கொண்டேன். இதற்குக் கைத்தாங்கல் என்று பெயர். புதியவர்கள் பயந்துவிடக் கூடாதென்று கம்பெனி செய்த ஏற்பாடு. பழகியதும் அணைத்துவிட வேண்டும், கையேட்டின் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. அவர் கையேட்டைப் பிரித்ததே இல்லை. இத்தனை வருடமும் தரையிறக்கியது நான். பேர் மட்டும் அவருக்கு.

செவ்வாய், காலை 7.40
ஒலிவாங்கிப் பதிவு

ஏழாம் பதிப்பு வந்திருக்கிறதாம். அதன் விளம்பரத்தை என் திரையிலேயே போட்டு ரசித்தார். பிறகு மனைவி ஹெலனிடம் சொன்னது:

"இந்த ஓட்ட டப்பாவத் தூக்கி ஆக்கர் கடையில பழைய இரும்புக்குப் போடணும். எனக்க கைக்கு இதெல்லாம் காணாது."

நல்லாத்தானே ஓடுகிறது, புதுசு எதற்கு என்று ஹெலன் கேட்டார். என் திரைகளைத் தினமும் துடைப்பது ஹெலன்தான். அவர் விளம்பரத்தை மறுபடி ஓடவிட்டார்.

எனக்கு வயிறு கிடையாது. ஆனாலும் எரிகிறது. இனி அவர் இல்லை, அவன்.

புதன், மாலை 5.20
முடிவு

கைத்தாங்கலை எடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். விழுந்து விழுந்து அவமானப்படட்டும். ஆனால் பழியை என் தலையில் போட்டுவிட்டு நாளைக்கே புதுசு வாங்குவான். வேண்டாம்.

அதற்குள் அவனே வழி காட்டினான். புது விதி ஒன்று இருக்கிறது. வீட்டுக் கருவி சான்றிதழ் கொடுத்தால் போதும், முப்பந்தல் பறப்புத் திடலில் இரண்டு பேர் அமரும் நிஜ மின்விமானத்தை ஓட்டலாம். விண்ணப்பித்தான். கேள்வி என்னிடம் வந்தது: இவர் எவர் துணையும் இன்றித் தரையிறக்குவாரா?

ஆம் என்று கையெழுத்துப் போட்டேன். முப்பந்தலில் காற்றாலைகளைச் சும்மாவா நட்டிருக்கிறார்கள்? அந்தக் காற்றில் அவன் கை எவ்வளவு காணும் என்று பார்க்கட்டும். இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

சனி, பகல் 1.05
எதிர்பாராதது

கடைக்குப் போய் ஏழாம் பதிப்பை ஓட்டிப் பார்த்திருக்கிறான். கைத்தாங்கலை அணைத்து வைத்திருந்தார்கள் போல. உட்கார்ந்த தடவையெல்லாம் விமானம் தரையில் குத்தியிருக்கிறது. கோபமாகத் திரும்பி வந்தான்.

"புதுசுல ஒரு எழவும் சரியில்ல. நமக்கு இதே போதும். என்னப் பைலட் ஆக்குனது இதாக்கும்."

என் முதுகில் தட்டிக் கொடுத்தான். வாங்கிக்கொண்டேன். மன்னிக்கவில்லை. டப்பா என்று சொன்னதும் அதே வாய்தான்.

பிறகு ஹெலனிடம், நாளைக்கு முப்பந்தலில் பறக்கிறேன், நீயும் பக்கத்துச் சீட்டில் வருகிறாய் என்றான். அவர் சரி என்றார்.

அது என் திட்டத்தில் இல்லை.

சனி, பகல் 1.09
திரும்பப் பெறும் கோரிக்கை அனுப்பினேன். உரிம அலுவலகத்தின் பதில்: "வழங்கப்பட்ட சான்றிதழை ரத்து செய்யப் பறப்பவர் மட்டுமே விண்ணப்பிக்கலாம். நன்றி."

சனி, மாலை 6.30
எச்சரிக்கை

மூன்று திரையிலும் பெரிய எழுத்தில் போட்டேன்: உங்கள் தரையிறக்கங்களில் ஒன்றுகூட உங்களுடையது அல்ல. நாளை பறக்காதீர்கள்.

படித்துவிட்டுச் சிரித்தான்.

"இது கடக்காரன் வேல, ஹெலனு. அங்க நம்ம கணக்கக் குடுத்தோம்லா, இதுக்குள்ள பூந்துட்டான். பயங்காட்டிப் புதுச விக்கப் பாக்கான்."

ஹெலன் மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். எதற்கும் அடுத்த வாரம் போகலாமே என்றார். அவன் சுவரில் என் சுவிட்சை அணைத்தான்.

ஞாயிறு, காலை 9.48
மின்கலத்தில் ஓடுகிறேன்

நிஜத் திடல்களின் வானொலிப் பேச்சைப் பிடித்துக் கொடுப்பதும் என் வேலை. முப்பந்தலைப் பிடித்துவிட்டேன். கேட்க முடிகிறது. பேச முடியவில்லை.

திடல்: "சார், காத்து வலது பக்கத்துலேந்து பலமா அடிக்குது. எறங்க வேண்டாம், இன்னொரு சுத்து வாங்க."

சற்குணம்: "பரவால்ல. இதவிடப் பெரிய காத்துல எறக்கியிருக்கேன்."

ஹெலன்: "அவரு சொல்லுததக் கேளுங்களேன்."

அவன் இறங்குகிறான். எந்தப் பக்கம் திருப்புவான் என்று எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

9.50
மாடி அறையில் யாருமில்லை. கைப்பிடியை வலது கோடி வரைக்கும் திருப்பிவிட்டேன். மோட்டார் சுடுகிறது.

திடல்: "சார், வலது. வலது, சார்."

திருப்பித்தான் வைத்திருக்கிறேன். விடவில்லை.

திடல்: "சார்."

9.51
மின்கலம் தீர்கிறது. இன்னும் விடவில்லை. ஹெலன், வலது பக்கமே பிடித்துக்கொண்டிருக்கி