மோகன் சாம்பல்

பள்ளிப்பட்டு
12 ஜனவரி 2025

அண்ணனுக்கு,

நம் தோட்டத்தைக் கொன்றது நீதான்.

என் நம்பரை நீ எடுப்பதில்லை. அதனால் தபாலில் எழுதுகிறேன். போன ஆடியில், ஜல்லி ஏற்ற இந்தப் பக்கம் காலியாக வரும் லாரிகளில் லோடு லோடாகச் சாம்பல் அனுப்பினாயே, மரத்துக்கு நல்லது என்று. அது உங்கள் கம்பெனி பாய்லரில் நிலக்கரி எரித்த சாம்பல். அம்மா அதையும் அடுப்புச் சாம்பல் மாதிரிதான் என்று நம்பி, தோட்டத்தில் ஒவ்வொரு சாத்துக்குடி மரத்துப் பாத்தியிலும் கொட்டினாள். இப்போது இலையெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. புதுத் துளிர் எலிக்காது அளவோடு நின்றுவிடுகிறது. கொம்புகள் நுனியிலிருந்து காய்கின்றன.

நான் பில் போடும் உரக்கடையில் சொல்லி மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பினேன். மண்ணில் காரம் ஏறிவிட்டதாம். இரும்பும் துத்தநாகமும் மண்ணில் இருக்கின்றன, வேரால் எடுக்க முடியவில்லை. சோறு வடித்து வைத்துவிட்டுச் சமையலறையைப் பூட்டின மாதிரி.

அம்மாவிடம் சொன்னால், "எம் புள்ள அனுப்புனதுடி. அது இன்னா கெட்டதாவா இருக்கும்?" என்கிறாள். இலை பழுக்கப் பழுக்க இன்னொரு கூடை போடுகிறாள். அந்தக் குவியலுக்கு அவள் வைத்திருக்கும் பெயர் மோகன் சாம்பல்.

நீ சொன்னால்தான் நிறுத்துவாள். சொல்.

ஈஸ்வரி


கும்மிடிப்பூண்டி
27 ஜனவரி 2025

அன்புத் தங்கை ஈஸ்வரிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே நீயும் அம்மாவும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

உன் கடிதத்தைக் கேன்டீனில் உட்கார்ந்து படித்தேன். எதிரில் இருந்த சுப்பராயன், "இன்னா மோகன், ஊட்ல ஏதாச்சும் பேஜாரா?" என்றான். தங்கச்சி திட்டி எழுதியிருக்கிறாள் என்றேன். "குடுத்து வச்சவம்பா நீ. எனக்குத் திட்டக்கூட ஆளில்ல" என்றான்.

அம்மா போடாத சாம்பலா, ஈஸ்வரி? வீட்டுக் கொல்லைச் சாத்துக்குடி மரத்தில் புழு விழுந்தால், பனி காய்வதற்குள் நீயும் நானும் போய் இலை மேல் சாம்பல் தூவுவோமே. நான் ஒரு புழுவைப் பிடித்து உன் பின்னலில் விடுவேன், நீ தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவாய். சாம்பல் அப்பிய என் முகத்தைப் பார்த்து நைனா, "வாங்க விபூதி சாமியாரே" என்று கும்பிடுவார். அந்த மரத்துப் பழம் போல இங்கே ஒரு கடையிலும் கிடைப்பதில்லை.

மஞ்சள் மாற, துத்தநாக சல்பேட் பார்சல் போட்டிருக்கிறேன். இலையில் தெளி. அம்மாவிடம் நான் பேசுகிறேன். நீ அவளைப் பயமுறுத்தாதே.

உன் அண்ணன்
சந்திரமோகன்


பள்ளிப்பட்டு
16 பிப்ரவரி 2025

அண்ணா,

நீ பேசினாய். அம்மா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், நான் பக்கத்தில்தான் இருந்தேன். நாஷ்டா ஆச்சா என்று கேட்டாய், மூட்டு வலியைக் கேட்டாய். சாம்பல் என்ற வார்த்தையே உன் வாயில் வரவில்லை. அவளாகத்தான் எடுத்தாள்: "உன் சாம்பலப் போட்டுக்கினுதான் இருக்கேன் மோகனு." அதற்கு நீ சொன்னது, "சரிம்மா."

துத்தநாகம் தெளித்தேன். இலையில் கொஞ்சம் பச்சை திரும்பியது. அம்மா பார்த்தாள். "பாத்தியா, மோகன் சாம்பல் வேலை செய்யுது" என்று சொல்லி அன்றைக்கே இரண்டு கூடை கூடுதலாகப் போட்டாள்.

அடுப்பில் எரிந்தது சவுக்கு விறகும் வேப்பங்குச்சியும். மரத்துக்கு ஒரு கைப்பிடி, அதுவும் என்றைக்கோ ஒரு நாள். இது பாய்லர் கழிவு. அதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இத்தனை வருஷமாக அந்தப் பாய்லரைக் கட்டிக்கொண்டு அழுதவன் நீ.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. ஆடியில் லாரி வந்தது. ஆவணியில் உனக்குப் பர்மனன்ட் ஆர்டர் வந்தது. உங்கள் கம்பெனிக் கொல்லையில் மலை மாதிரி இருந்த குவியல் இப்போது இல்லையாமே? அவர்களுக்குக் குப்பை கொட்ட இடம் வேண்டுமென்றால் உடனே நம் ஊர் தெரிகிறது. நமக்கு ஒரு வேலையை நிரந்தரமாக்க மட்டும் அவர்களுக்கு உன் பாதி ஆயுசு வேண்டியிருந்தது.

ஈஸ்வரி


கும்மிடிப்பூண்டி
9 மார்ச் 2025

ஈஸ்வரிக்கு,

இன்னொரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். அம்மாவுக்கு ஒரு புடவையும் இருக்கிறது. ஷிப்ட் மாற்றிவிட்டார்கள், மூச்சு விட நேரமில்லை.

ஆர்டர் வந்த அன்று அம்மா தெரு முழுக்க லட்டு கொடுத்தாள், நினைவிருக்கிறதா? நைனா போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதைக் கெடுக்காதே.

சந்திரமோகன்


பள்ளிப்பட்டு
23 ஏப்ரல் 2025

மோகண்ணா,

போன மாதம் நான் எழுதியதற்குப் பதில் இல்லை. அம்மா கூப்பிட்டாலும் இப்போது நீ எடுப்பதில்லை.

வடக்கு வரிசை முழுக்கக் காய்ந்தது. வெட்டி விறகாக்கினோம். அடுப்பில் எரிகிறது.

கொல்லை மரம் மட்டும் பச்சையாக நிற்கிறது. குவியலிலிருந்து தூரம் என்பதால் அம்மா அதற்கு எதுவும் சுமந்து போகவில்லை. பிஞ்சு பிடித்திருக்கிறது. அடியில் நின்றால் உன் விபூதி முகம்தான் ஞாபகம் வருகிறது.

இன்று காலை அம்மா கூடையோடு அங்கே போனாள். "இதுக்கு மட்டும் ஓரவஞ்சன பண்ணிட்டேன். இதயும் மோகன்தான வளத்தான்" என்றாள். கூடையைப் பிடுங்கினேன். "அண்ணன் நல்லா இருக்கறது உனக்குப் பொறுக்கலியா?" என்று அழுதாள். லட்டைப் பற்றி நீ எழுதியதை நினைத்துக்கொண்டேன். அதனால்தான் அந்த ஆர்டர் எதற்கு வந்தது என்று அவளிடம் நான் இன்னும் போட்டு உடைக்கவில்லை.

கடைசியில் ஒரு வழிக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை வரை போடமாட்டாள். அதற்குள் நீ வேண்டாம் என்று சொன்னால் கூடையைக் கவிழ்த்துவிடுவாள், சொல்லாவிட்டால் போடுவாள். கூடை நிறைந்தபடி மரத்தடியில் இருக்கிறது. அவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

இதை ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். காரணம் சொல்ல வேண்டாம். கம்பெனி பேரை எடுக்க வேண்டாம். கூப்பிட்டு ஒரே வார்த்தை சொல்: "போடாதம்மா."

ஈஸ்வரி